செர்ரி கவுண்டி, நெப்ராஸ்கா: 6,000 சதுர மைலில் 5,455 பேர் மட்டும் ஏன்?

(இணைய உரையாடல். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இருப்பது எழுதுபவரின் புனைபெயர்.)

#1 நிலஅளவை

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தின் வடக்கு விளிம்பில், தெற்கு டகோட்டா எல்லையை ஒட்டிக் கிடக்கிறது செர்ரி கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). பரப்பு சுமார் 6,000 சதுர மைல். கனெக்டிகட் மாநிலத்தை முழுசாக இதற்குள் இறக்கி வைத்தாலும் இடம் மிஞ்சும். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5,455. ஏறக்குறைய பாதிப் பேர் தலைமையிடமான வாலன்டைனில். மற்றவர்கள் மணல்மேடுகளுக்கு நடுவே சிதறி இருக்கிறார்கள்.

பெயரைப் பார்த்துப் பழத்தோட்டம் என்று நினைக்க வேண்டாம். 1881இல் கொல்லப்பட்ட சாமுவேல் செர்ரி என்ற ராணுவ லெப்டினன்டின் பெயர் அது. கவுண்டி 1883இல் உருவானது. வாலன்டைனும் காதலர் தினப் பெயர் இல்லை, எட்வர்ட் வாலன்டைன் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் பெயர். ஆனாலும் பிப்ரவரி வந்தால் அந்த ஊர் அஞ்சல் முத்திரைக்காக வெளியூர்க்காரர்கள் கடிதங்களை அங்கே அனுப்பி வைப்பார்கள்.

கேள்வி இதுதான். மழை ஆண்டுக்கு 20 அங்குலத்தை ஒட்டிப் பெய்கிறது. மணலுக்கு அடியில் ஓகலாலா நீரடுக்கு (பல மாநிலங்களுக்கு அடியில் பரவிய நிலத்தடி நீர்), அதிலும் மிகத் தடிமனான பகுதி. 1920இல் 11,700 பேருக்கு மேல் இருந்தார்கள். நூறு ஆண்டில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. தண்ணீர் இருந்தும் ஏன்? "இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள்" என்ற பதில் வேண்டாம், அதை எந்தக் கிராமத்துக்கும் சொல்லலாம்.

#2 புல்வெளி

ஒரு வகுத்தல் கணக்கில் பாதி விடை வந்துவிடும்.

அங்கே உள்ள மண்ணுக்கு அமெரிக்க மண் வரைபடத்தில் பெயரே "வாலன்டைன் நுண்மணல்". ஈரமாக இருக்கும்போது ஒரு பிடி அள்ளி இறுக்கினாலும் உருண்டை நிற்காது, விரல் பட்டதும் உதிரும். உழவுக்கு ஆகாத மண். மேலே புல் வேர் பிடித்திருப்பதால்தான் மேடுகள் நகராமல் நிற்கின்றன. ஆகவே மேய்ச்சல்தான் பிழைப்பு.

மேய்ச்சலுக்கு அங்கே ஒரு அளவு உண்டு. 1,000 பவுண்டு எடையுள்ள பசு ஒரு மாதம் தின்பது, உலர் எடையில் 780 பவுண்டு புல். இதை ஒரு அலகு என்று வையுங்கள். இன்றைய பசுக்கள் இன்னும் பெரியவை, காலடியில் கன்றும் மேயும், அதனால் தாய் கன்று ஜோடிக்கு 1.3 அலகு. மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை 5 மாதம், ஆக 6.5 அலகு. நல்ல நிலையில் இருக்கும் மணல் சரிவு ஏக்கருக்கு 0.6 அலகு தாங்கும். வகுத்தால் ஜோடிக்கு 11 ஏக்கர். இது கோடைக்கு மட்டும். குளிர்கால மேய்ச்சலும் உலர்புல் அறுக்கும் தாழ்நிலமும் சேர்ந்தால் பசு ஒன்றுக்கு 15 முதல் 20 ஏக்கர்.

0.6 என்பது புல் இல்லாத குறை அல்ல. முளைப்பதில் கால் பங்குதான் மாட்டின் வாய்க்குப் போக வேண்டும். பாதியைத் தொடாமல் விட வேண்டும். மீதி மிதிபட்டும் பூச்சி தின்றும் போகும். அந்தப் பாதியையும் மேயவிட்டால் வேர் சுருங்கும், அடுத்த ஆண்டு காற்று மணலைத் தூக்கும்.

ஒரு குடும்பம் மாட்டை மட்டும் நம்பி ஓட்ட 300 பசுவாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 5,000 ஏக்கருக்கு மேல். அதாவது 8 சதுர மைலுக்கு ஒரு குடும்பம். 6,000ஐ 8ஆல் வகுத்தால் 750 குடும்பம். வாலன்டைனுக்கு வெளியே இருக்கும் தலைகளை எண்ணிப் பாருங்கள்.

#3 மாட்டுத்தாவணி

கணக்கு அழகாகப் பொருந்துகிறது, அதனாலேயே எனக்குச் சந்தேகம். 300 பசு என்பது இன்றைய டிராக்டர், லாரி, வட்டி விலைக்கு வந்த எண். 1920இல் அந்த எண் எவ்வளவு? போதாததற்கு, கவுண்டியில் எல்லாமே குடும்பப் பண்ணை இல்லை. சிஎன்என் தொலைக்காட்சியைத் தொடங்கிய டெட் டர்னரின் காட்டெருமைப் பெரும்பண்ணைகள் அங்கே உண்டு. மத்திய அரசு நிலமும் உண்டு: 1,16,000 ஏக்கர் அளவுக்கு மெக்கெல்வி தேசிய வனம், வாலன்டைன் வனவிலங்குக் காப்பகம் 70,000 ஏக்கருக்கு மேல், நயோபரரா கோட்டைக் காப்பகம் தனி.

வனம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே இயற்கையாக இருந்த காடு கிடையாது. மணல்மேட்டில் பைன் நட்டால் மரத்தொழில் வரும் என்று சார்லஸ் பெஸ்ஸி என்ற தாவரவியலாளர் வாதாட, 1902இல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் ஒதுக்கிய நிலம் அது. இன்றைக்கும் பெரும்பகுதி புல்தான், மாடுதான் மேய்கிறது.

#4 பழங்கணக்கு

1920இன் எண்ணைச் சட்டம் தீர்மானித்தது, மாடு அல்ல. வரிசையாகச் சொன்னால் புரியும்.

1880களில் பெரும்பண்ணைக்காரர்கள் அரசு நிலத்தைக் கம்பிவேலி போட்டு வளைத்துக்கொண்டார்கள். பட்டா இல்லை, வேலி மட்டும். 1888இல் பார்ட்லெட் ரிச்சர்ட்ஸ் தொடங்கிய ஸ்பேட் பண்ணை அதில் தலையானது. ஷெரிடன், செர்ரி கவுண்டிகளில் 5 லட்சம் ஏக்கர் வரை அதன் பிடியில் இருந்தது. 1885லேயே இப்படி வளைப்பது குற்றம் என்று சட்டம் வந்தும் வேலி இறங்கவில்லை. வழக்கு நடந்து முதலில் கிடைத்த தண்டனை 300 டாலர் அபராதமும் 6 மணி நேரக் காவலும். ரூஸ்வெல்ட் கொதித்துப் போனார். 1906இல் அரசை ஏமாற்றச் சதி செய்ததாக மறுபடி வழக்கு, ஓராண்டுச் சிறை. ரிச்சர்ட்ஸ் 1911இல் தண்டனைக் காலத்திலேயே இறந்தார்.

இதற்கு நடுவே 1904 ஏப்ரலில் மோசஸ் கின்கெய்ட் கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. மற்ற இடங்களில் குடியேறுபவருக்கு 160 ஏக்கர், வடமேற்கு நெப்ராஸ்காவின் 37 கவுண்டிகளில் மட்டும் 640 ஏக்கர். 5 ஆண்டு தங்க வேண்டும், ஏக்கருக்கு 1.25 டாலர் மதிப்புக்கு வீடு, வேலி, கிணறு என்று ஏதாவது செய்து காட்ட வேண்டும். ஆட்கள் வண்டி வண்டியாக வந்தார்கள். 1900இல் 6,500ஆக இருந்த தொகை 1910இல் 10,000ஐத் தாண்டியது இதனால்தான்.

இப்போது புல்வெளியின் கணக்கைப் போடுங்கள். 640ஐ 15ஆல் வகுத்தால் 42 பசு, 20ஆல் வகுத்தால் 32. வாஷிங்டனில் உட்கார்ந்தவர்களுக்கு நான்கு மடங்கு கொடுத்தது தாராளமாகத் தெரிந்திருக்கும். தேவைப்பட்டது முப்பது மடங்கு. போதாத குறையை ஈடுகட்ட மணலை உழுது மக்காச்சோளம் போட்டவர்கள் இரண்டு மூன்று மகசூலுக்குள் நிலத்தைக் காற்றுக்குக் கொடுத்தார்கள். பட்டா கையில் வந்ததும் பலர் பக்கத்துப் பண்ணைக்கே விற்றுவிட்டுப் போனார்கள். ஆக 1920 உச்சம் ஒரு வீக்கம். வடிந்ததை வீழ்ச்சி என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இந்த அலையில் வந்தவர்களில் கறுப்பினக் குடியேறிகளும் உண்டு. பிரவுன்லீ அருகே, வடக்கு லூப் ஆற்றங்கரையில் 1907 முதல் டிவிட்டி என்ற குடியிருப்பு. நெப்ராஸ்காவில் அந்த வகையில் அதுவே பெரியது, நீண்ட நாள் நின்றதும் அதுதான். தனித்தனிப் பட்டாவாக, ஆற்றோரமாக எடுத்தும் 1930களைத் தாண்டவில்லை.

#5 கமலை

தண்ணீர் விஷயத்தில் #1இல் உள்ள தர்க்கத்தைத் திருத்த வேண்டும். தண்ணீர் இருப்பதால் ஆள் இருக்க வேண்டும் என்பதில்லை, அதைப் பயிருக்கு நிறுத்தி வைக்க மண் வேண்டும்.

ஒரு அடி ஆழ மணல் பயிருக்குப் பிடித்துவைக்கும் நீர் ஒரு அங்குலம்கூடத் தேறாது. மழை விழுந்ததும் கீழே இறங்கிவிடும். அதனால்தான் மேட்டில் ஓடை கிடையாது. இறங்கிய நீர் தாழ்வில் ஏரியாகவும் ஈரப் புல்தரையாகவும் எட்டிப் பார்க்கும். நயோபரரா, ஸ்னேக், வடக்கு லூப் எல்லாம் ஊற்றுநீரில் ஓடுபவை. மழை பொய்த்தாலும் ஓட்டம் பெரிதாக இறங்காது, பெய்தாலும் பொங்காது. கான்சாஸ், டெக்சஸ் பக்கம் ஓகலாலா மட்டம் இறங்கிக்கொண்டே போக, இங்கே பெரும்பாலும் நிலையாக நிற்பதற்கு ஊறுவது ஒரு காரணம், உறிஞ்ச ஆள் இல்லாதது இன்னொரு காரணம்.

முயலாமல் இல்லை. 1970களில் வெளிமுதலீடு வந்து வட்டப் பாசன இயந்திரங்களை மணல்மேட்டில் நிறுத்தினார்கள். 160 ஏக்கர் சதுரத்தில் ஒரு சுற்றுக்கு சுமார் 130 ஏக்கர் நனையும். மக்காச்சோளம் உச்சத்தில் நிற்கும்போது இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டே ஆக வேண்டும், ஒரு மோட்டார் பழுதானால் அந்த வாரமே பயிர் சுருளும். போட்ட யூரியா தண்ணீரோடு நீரடுக்குக்கு இறங்கும். அறுவடைக்குப் பிறகு வெறும் தரை, அதுவும் வடமேற்குக் காற்று வீசும் குளிர்காலத்தில். 1980களில் விலை விழுந்ததும் பலர் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். புல்லை மீண்டும் பிடிக்கவைக்கும் வேலை நிலத்தோடு தங்கிவிட்டது.

#6 மாட்டுத்தாவணி

பழங்கணக்கு சொன்னதை ஏற்கிறேன். 1920ஐ அடிப்படையாக வைத்ததே தவறு. ஆனால் 1950இல் 8,000க்கு மேல் இருந்ததே, அப்போது கின்கெய்ட் வீக்கம் வடிந்து முப்பது ஆண்டு. அதற்கு உலர்புல்லைப் பாருங்கள். குதிரை பூட்டிய வெட்டுக்கருவி, வாரி, போர் ஏற்றும் சாதனம் என்று ஜூலை மாதம் ஒரு தாழ்நிலத்துக்கு ஒரு கூட்டமே வேண்டியிருந்தது. இன்று டிராக்டரும் உருளைக்கட்டு இயந்திரமும் வைத்து இரண்டு பேர் முடிக்கிறார்கள். போன ஆட்களில் பலர் நில உடைமையாளர் அல்லர், கூலிக்கு இருந்தவர்கள்.

#7 புல்வெளி

உண்மை. அந்த உலர்புல் தேவையே குறைந்துகொண்டிருக்கிறது.

(நம் வைக்கோலோடு குழப்ப வேண்டாம். இது நெல் தாள் அல்ல, பச்சையாக அறுத்துக் காயவைத்த புல். ஜூலையில் அறுத்தால் சத்து இருக்கும். மழைக்குப் பயந்து தள்ளினால் எடை கூடும், புரதம் இறங்கும்.)

மார்ச்சில் கன்று ஈனும் பசுவுக்குப் பால் சுரப்பு உச்சத்தில் இருக்கும்போது வெளியே பச்சை கிடையாது. உலர்புல்லை மட்டும் நம்பினால் பசுவுக்கு ஒரு குளிர்காலத்தில் 2 டன் வரை போகும். தாழ்நிலத்தில் ஏக்கருக்கு 1 முதல் 1.5 டன்தான் வரும். விட்மன் அருகே நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் குட்மன்சன் மணல்மேட்டு ஆய்வகம் ஈனும் காலத்தை ஜூனுக்குத் தள்ளிப் பார்த்தது. உலர்புல் செலவின் பெரும்பகுதி போய்விட்டது, குளிர்காலத்தில் காய்ந்து நிற்கும் புல்லும் கொஞ்சம் புரதக் கட்டியும் போதுமாயிற்று.

இடிக்கும் இடம் எது என்றால், ஜூனில் ஈன்றால் செப்டம்பரில் சினை பிடிக்க வேண்டும். அப்போது மேட்டுப் புல்லின் புரதம் இறங்கிவிடும். வளர்ந்த பசு தாங்கும், முதல் ஈத்து கிடேரி தாங்காது, சினை தவறும். இலையுதிர் காலச் சந்தையில் கன்றின் எடையும் குறைவு. அதனால் பலர் ஏப்ரல், மே என்று நடுவில் நிற்கிறார்கள்.

#8 நிலஅளவை

விற்பனை எப்படி? ரயில்?

#9 பழங்கணக்கு

ரயில் 1883இல் வாலன்டைனுக்கு வந்தது, 1992இல் தடம் கைவிடப்பட்டது. இப்போது அது கவ்பாய் டிரெயில் என்ற சைக்கிள் பாதை. ஊருக்குப் பக்கத்தில் நயோபரராவின் மேல் 148 அடி உயரத்தில் நிற்கும் பழைய பாலத்தின் மேலேயே போகலாம். கவுண்டிக்குத் தெற்கே இன்னொரு ரயில் பாதை உயிரோடு இருக்கிறது. தென்பகுதிப் பண்ணைக்காரர்கள் ஆணி வாங்கக்கூட வாலன்டைன் வருவதில்லை, முல்லன், தெட்ஃபோர்ட், ஹயானிஸ் என்று பக்கத்துக் கவுண்டி ஊர்களுக்குப் போகிறார்கள். கவுண்டிக்குள் நேரமே இரண்டு: வாலன்டைனில் மத்திய நேரம், மேற்கே கோடி, மெரிமன் ஊர்களில் மலை நேரம். நீதிமன்ற வேலைக்கு மெரிமனிலிருந்து வருபவர் ஒரு மணி நேரத்தை வழியிலேயே தொலைக்கிறார்.

மாடு விற்பதில் ஒரு படி தவறினால் லாரி நகராது. மாநிலத்தின் மேற்கு மூன்றில் இரண்டு பங்கு சூட்டுக்குறிப் பரிசோதனைப் பகுதி. மாட்டை விற்றாலும், பகுதியை விட்டு வெளியே அனுப்பினாலும், பரிசோதகர் வந்து ஒவ்வொன்றின் சூட்டுக்குறியையும் பார்த்துச் சீட்டு கொடுக்க வேண்டும். குறியின் வடிவம் மட்டும் போதாது, இடது விலாவா, இடது தொடையா என்ற இடமும் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். குளிர்கால ரோமம் அடர்ந்திருந்தால் குறி தெரியாது, அந்த இடத்தைச் சிரைத்துவிட்டுப் பார்ப்பார்கள். விலைக்கு வாங்கிய மாட்டில் பழைய குறி இருந்தால் வாங்கிய சீட்டைக் காட்ட வேண்டும். சீட்டைத் தொலைத்தவர்களுக்குத் தலைவலி அங்கேதான்.

#10 வரிக்கல்

பொருளாதாரம் என்றால் வரியைப் பேசாமல் முடியாது. நெப்ராஸ்காவில் விவசாய நிலத்துக்குச் சந்தை மதிப்பில் 75 சதவீதம் வரி மதிப்பு. பள்ளிகள் பெரிதும் இந்தச் சொத்து வரியில் ஓடுகின்றன. 1990இல் வந்த பள்ளி நிதிச் சட்டத்தின்படி, ஒரு பள்ளி வட்டத்தில் நில மதிப்பு அதிகமாக இருந்தால் அது "வசதியான" வட்டம், வட்டங்களைச் சமன்படுத்தும் அரசு மானியம் குறைவு அல்லது இல்லை. செர்ரியில் பிள்ளைகள் சில நூறு, நிலம் லட்சக்கணக்கான ஏக்கர். தாளில் பணக்கார வட்டம். ஆனால் நில விலை ஏறியதால் பசு கூடுதலாக ஒரு கன்று போடுவதில்லை. வரி ஏறுகிறது, விற்றாலொழிய அந்த மதிப்பு கைக்கு வராது.

ஒற்றை அறைப் பள்ளிகளும் இதில் சிக்கின. தொடக்கப் பள்ளி மட்டும் வைத்திருந்த கிராம வட்டங்களை 2005ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய வட்டங்களோடு இணைக்கச் சொன்னது. 2006 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் அந்தச் சட்டம் தோற்றது. ஆனால் இணைப்பு ஜூனிலேயே முடிந்துவிட்டது. கலைத்த வட்டம் திரும்ப வரவில்லை. 50 மைல் தள்ளி இருக்கும் குடும்பம் பள்ளி நாட்களில் தாயும் பிள்ளைகளும் வாலன்டைனில், தந்தை பண்ணையில் என்று இரண்டு அடுப்பு எரிக்க வேண்டி வருகிறது.

எதிர்த்திசையில் ஒரு உதாரணம் கோடி. 200 பேர்கூட இல்லாத ஊர். மளிகைக் கடை இல்லாமல் இருந்தபோது வைக்கோல் கட்டுச் சுவரால் கட்டிய கட்டடத்தில் 2013இல் ஒரு கடை திறந்து பள்ளி மாணவர்களே நடத்தினார்கள்.

#11 நிலஅளவை

புல்வெளி, "காற்று தூக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். தூக்கினால் என்ன செய்வார்கள்?

#12 புல்வெளி

அதற்கு அங்கே பெயர் ப்ளோஅவுட். மேட்டின் வடமேற்கு முகத்தில் கிண்ணம் மாதிரிக் குழி விழும். தொடக்கம் எப்போதும் அற்பம்: வேலி மூலையில் மாடு நடந்த தடம், மேட்டு உச்சியில் வைத்த உப்புக்கட்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மிதிபட்ட இடம். ஒரு மீட்டர் வெறுமை போதும், காற்று குழியின் உதட்டில் நிற்கும் புல்வேரை அடியிலிருந்து அரித்துக்கொண்டே போகும்.

சரிசெய்ய: முதலில் அந்த இடத்துக்கு மட்டும் வேலி. தொங்கும் உதட்டை டோசரால் சரித்துச் சாய்வாக்க வேண்டும். இதைச் செய்யாமல் விதை போட்டால் உதடு உடைந்து விதையை மூடிவிடும். பிறகு தாழ்நிலத்துப் பழைய உலர்புல்லை ஏக்கருக்கு 2 டன் அளவில் பரப்பி மணலுக்குள் அழுத்த வேண்டும். வெறுமனே தூவினால் அடுத்த காற்றில் பக்கத்துப் பண்ணையில் கிடக்கும். நிழல் பயிராகக் கம்புவகை, அதற்குள் மணல் புளூஸ்டெம், மணல்நாணல் புற்களின் விதை. இரண்டு மூன்று பருவம் மாட்டை விடக்கூடாது. செலவு செய்ய மனமில்லாதவர்கள் குளிர்காலத்தில் உலர்புல்லை அந்தக் குழியிலேயே மாட்டுக்குப் போடுவார்கள். சிந்தியதும் சாணமும் மிதித்தே உள்ளே இறங்கும். பழைய டயர்களைக் கொட்டி வைத்த காலமும் உண்டு. மணல் பிடித்ததோ இல்லையோ, டயர் இன்னும் கிடக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. ப்ளோஅவுட் பென்ஸ்டெமன் என்ற ஊதாப் பூச்செடி இந்த வெறும் குழியில் மட்டும்தான் வளரும். பண்ணைக்காரர்கள் குழிகளை நன்றாக மூடியதால் செடி அற்றுப்போனதாகவே நினைத்தார்கள். 1968இல் மறுபடி கண்டார்கள், 1987இல் அருகிவரும் இனப் பட்டியலில் சேர்த்தார்கள்.

#13 மாட்டுத்தாவணி

தொட்டிக்குத் தண்ணீர் இன்னும் காற்றாலையா? சோலார் மலிந்த பிறகும்?

#14 கமலை

இரண்டும் ஓடுகிறது. காற்றாலைக் கணக்கு: 8 அடிச் சக்கரம், 2 அங்குல சிலிண்டர், மணிக்கு 15 முதல் 20 மைல் வேகக் காற்றில் மணிக்குச் சுமார் 180 கேலன், அதாவது 700 லிட்டருக்குச் சற்றுக் கீழே. 100 தாய் கன்று ஜோடி வெயிலில் நாளுக்கு 2,000 கேலன் குடிக்கும், ஆக 11 மணி நேரக் காற்று. ஆகஸ்டில் காற்று விழும் நாட்களுக்காகத்தான் 30 அடி விட்டத் தொட்டி வைக்கிறார்கள்.

பழுது பெரும்பாலும் ஒன்றே: சக்கரம் சுற்றும், தண்ணீர் வராது. நம் அடிபம்பில் இருப்பது மாதிரி உள்ளே தோல் வாஷர். மணல் அதை அரித்துவிடும். மாற்றும் முறை:

வாலை மடக்கிச் சக்கரத்தை நிறுத்திக் கட்டு. கோபுரத்தில் கப்பி போட்டு, கிணற்றுக்குள் பிஸ்டன் வரை போகும் ராடைத் தூக்கு. ஒவ்வொரு இணைப்பைக் கழற்றும் முன்பும் கீழே உள்ள ராடுக்குப் பிடி போட்டாக வேண்டும். மறந்தால் மொத்த ராடும் கிணற்றுக்குள் விழும், பிறகு தூண்டில் போட்டுத் தேடும் வேலை. பிஸ்டன் மேலே வந்ததும் பழைய தோலை எடுத்துவிட்டு, எண்ணெயில் ஊறவைத்த புதுத் தோலைக் கிண்ணத்தின் வாய் மேலே பார்க்க மாட்டு. தலைகீழாகப் போட்டால் ஒரு சொட்டும் ஏறாது. அதிகம் முடுக்கினால் தோல் விரிந்து சிலிண்டரில் சிக்கும்.

இதெல்லாம் பைப் சிலிண்டரைவிட அகலமாக இருந்தால்தான். குறுகிய பைப் போட்டிருந்தால் பிஸ்டன் அதன் வழியே வராது, பைப்பையும் சேர்த்து உருவ வேண்டும், அரை மணி வேலை ஒரு நாள் வேலையாகும். தோல் நன்றாக இருந்தும் தண்ணீர் ஏறாவிட்டால் அடியில் உள்ள ஃபுட் வால்வில் மணல் சிக்கியிருக்கும், அல்லது பைப்பில் துருத்துளை.

குளிர்காலத்துக்கு, உறைமட்டத்துக்குக் கீழே பைப்பில் சின்னத் துளை ஒன்று விடுவார்கள். சக்கரம் நின்றதும் மேலே உள்ள நீர் அதன் வழியே வடிந்துவிடும். இல்லாவிட்டால் பைப் வெடிக்கும்.

#15 மாட்டுத்தாவணி

அந்தத் துளையால் கோடையில் தண்ணீர் வீணாகாதா?

#16 கமலை

கொஞ்சம் கசியும். கசிவது கேசிங்குக்குள்ளேயே (கிணற்றின் வெளிக்குழாய்) திரும்பிக் கிணற்றில் விழுகிறது, நஷ்டம் மேலே வரும் அளவில் மட்டும். துளை பெரிதாகிவிட்டால் சக்கரம் மெதுவாகச் சுற்றும் நாளில் தொட்டிக்கு ஒன்றும் வராது. அப்போது அந்த ஒரு நீளப் பைப்பை மட்டும் மாற்றினால் போதும்.